கேளுங்கோ, சொல்கிறேன்: மனைவியின் வயல், கணவனின் வாக்கு

போன இதழில் இலங்கையின் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். முழு நாட்டுக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தல் அது என்பதுதான் அந்த இரண்டு வரி. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த மாதம் வேறு எதற்கும் பதில் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். உர மானியம் பற்றிக் கேட்ட வெல்லாவெளி வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*சேர், கோல்புறூக், குரூ-மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி என்று அரசியல் யாப்புச் சீர்திருத்தங்களைப் பாடமாக்குகிறேன். சோதனை மண்டபத்துக்குள் போனதும் எல்லாம் கலங்கிவிடுகிறது. ஒரே கதையாகச் சொல்ல முடியுமா? (உயர்தர மாணவன், செங்கலடி)*

தம்பி, துரைமாரின் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வையும். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேளும்: சபைக்குள் உட்கார்ந்திருப்பவரை அங்கே அனுப்பியது யார்?

1833இல் சட்டநிரூபண சபை உண்டானபோது அனுப்பியவர் ஆளுநர் மட்டும்தான். 15 பேரில் 9 பேர் உத்தியோகத்தர்கள். மீதி ஆறில் ஐரோப்பியருக்கு 3, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. அந்த ஆறு பேரும் நியமனம்தான். பருத்தித்துறைக்கும் பாணமைக்கும் சேர்த்து ஒரே ஒரு தமிழர். அவரும் ஆளுநருக்குப் பிடித்த குடும்பத்து ஆள். கிழக்குப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு அந்த ஒன்றும் இல்லை. 1889இல்தான் அவர்களுக்கும் கண்டிச் சிங்களவருக்கும் ஒவ்வொரு ஆசனம் கிடைத்தது, அதுவும் நியமனம்.

முக்கால் நூற்றாண்டு இப்படியே போனது. தேர்தல் என்ற ஒன்று எட்டிப் பார்த்தது 1910-12 சீர்திருத்தத்தில். 21 பேர் கொண்ட சபையில் 4 பேருக்கு மட்டும் தேர்தல்: ஐரோப்பியருக்கு 2, பறங்கியருக்கு 1, 'படித்த இலங்கையர்' என்ற வகுப்புக்கு 1. படித்தவர் என்றால் ஆங்கிலம் படித்தவர். நாட்டின் சனத்தொகை அப்போது 41 இலட்சம். அந்த ஆசனத்துக்கான வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் 3000 பேர்கூட இல்லை. முழு இலங்கையும் ஒரு தொகுதி. 1911 டிசம்பரில் பொன்னம்பலம் இராமநாதனும் வைத்தியர் மாக்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டார்கள், இராமநாதன் வென்றார். சிங்கள வாக்காளர் பெரும்பான்மையாக இருந்த இடத்தில் தமிழர் வென்றார் என்று இன்றும் மேடைகளில் உருகுகிறார்கள். உருகலாம், ஆனால் சாதிக் கணக்கும் உள்ளே ஓடியது. பெர்னாண்டோ கராவ சாதிக்காரர். சிங்கள வேளாளரான கொவிகம வாக்காளர் பலர் அவரைவிட ஒரு தமிழ் வேளாளரே மேல் என்று நினைத்தார்கள். சோதனையில் இதையும் ஒரு வரி எழுதும்.

மறுகா 1921, மனிங்கின் முதல் சீர்திருத்தம். சபை 37 பேராகப் பெருத்தது. மாகாணம் மாகாணமாக ஆட்களை அனுப்பும் முறை வந்தது. 1924இல் 49 பேர், அதில் உத்தியோகத்தர் 12 பேர் மட்டும். பிரதேசவாரியாக 23 பேர், இனவாரியாக 11 பேர் தேர்தலால் வந்தார்கள். கிழக்கு மாகாணத்துக்கு 2 ஆசனம். மட்டக்களப்புச் சட்டத்தரணி ஈ. ஆர். தம்பிமுத்து சபையில் நம் பக்கத்துக் குரலாக இருந்தது இந்தக் காலத்தில்தான். ஆனால் அந்தச் சபையில் ஒரு கோளாறு. தெரிவான உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்து எதையும் மறுக்கலாம், எவரையும் கேள்வி கேட்கலாம். நிர்வாகத்தை நடத்தும் பொறுப்போ அவர்கள் கையில் இல்லை, ஆளுநரும் உத்தியோகத்தர்களும் நடத்தினார்கள். ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பிரேக்கில் கால் வைத்திருந்த மாதிரி. இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் ஆணைக்குழு கப்பலில் வந்து இறங்கியது. அதன் பயனாக 1931இல் அரசாங்க சபை. 61 பேரில் 50 பேர் மக்கள் அனுப்பியவர்கள்.

சோல்பரி 1947. அதைப் பற்றி உமது ஆசிரியர் போதுமான அளவு சொல்லியிருப்பார்.

*என் அம்மம்மாவின் தாயார் பெயரில் படுவான்கரையில் வயலும், ஊரில் வளவும் வீடும் இருந்தன. காணி உறுதிப் பத்திரம் இன்றும் வீட்டில் இருக்கிறது. சொத்து உள்ளவர்களுக்கு 1931க்கு முன்பே வாக்கு இருந்தது என்கிறார்களே, அப்படியென்றால் அவர் வாக்குப் போட்டிருப்பாரா? (ஒரு வாசகி, ஆரையம்பதி)*

இல்லை தங்கச்சி. வாக்குப் போட்டிருந்தால் அவருடைய புருஷன் போட்டிருப்பார். அதுவும் மனைவியின் வயலைக் காட்டி.

இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். 1920களின் விதியை வரிவரியாகப் பாருங்கள். வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றில் ஒன்றை எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்றில் ஒரு தகுதி: ஆண்டு வருமானம் 600 ரூபாய், அல்லது 1500 ரூபாய் பெறுமதியான அசையாச் சொத்து, அல்லது குறிப்பிட்ட வாடகைப் பெறுமதியுள்ள வீட்டில் குடியிருப்பு. சொத்து என்ற இடத்தில் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. அந்தச் சொத்து அவருடையதாகவும் இருக்கலாம், மனைவியின் உரிமையால் வந்ததாகவும் இருக்கலாம்.

இந்த ஒட்டை எழுதியவர் மட்டக்களப்பை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் நமக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. நம் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்ணுக்கு. குடி தாய்வழி. மகள் சமைந்தால் தகப்பனுக்கு முதல் கவலை வீடு கட்டுவது, இரண்டாவது கவலைதான் மாப்பிள்ளை. கலியாணம் கட்டி வருகிறவர் ஒரு பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வருவார். அந்த மனிதர் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய், “எனக்கு 1500 ரூபாய்ச் சொத்து இருக்கிறது” என்று சொன்னபோது மேசையில் வைத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? உங்கள் அம்மம்மாவின் தாயாருடைய சீதன உறுதியை, அல்லது அது போன்ற ஒன்றை. உறுதியில் அவள் பெயர், இடாப்பில் அவர் பெயர்.

நான் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்த காலத்தில் வாக்காளர் இடாப்புத் திருத்தம் என் மேசைக்கும் வரும். அப்போது 'பிரதம குடியிருப்பாளர்' என்ற கட்டத்தில், வீடு மனைவி பெயரில் இருந்தாலும் புருஷனின் பெயரைத்தான் ஊர் அதிகாரிகளான விதானைமார் எழுதிக்கொண்டு வருவார்கள். கேட்டால், “அது வழக்கம் சேர்” என்பார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தப் படிவம்தான் கண்ணுக்குள் வந்தது.

சரி, பெண்களுக்கு வாக்கு எப்படி வந்தது? 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. அக்னஸ் டி சில்வாவும் மற்றவர்களும் டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் உட்கார்ந்து கேட்டார்கள். நம் தலைவர்களில் பலர் சர்வசன வாக்குரிமையையே விரும்பவில்லை. அந்தப் பெரிய மனிதர் இராமநாதனும் கடைசி வரை எதிர்ப்புத்தான். ஆணைக்குழு ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 30 வயது என்று அறிக்கை எழுதியது. நடைமுறைக்கு வந்தபோது இருவருக்கும் 21 ஆகிவிட்டது. எழுத்தறிவும் சொத்தும் தேவையில்லை என்றானது.

1924இல் வாக்காளர் ஏறக்குறைய 2 இலட்சத்து 5 ஆயிரம் பேர், சனத்தொகையில் 4 வீதம். உங்கள் அம்மம்மாவின் தாயார் மட்டுமல்ல, அந்த வயலில் உழைத்த முல்லைக்காரரும் மீதி 96இல்தான் இருந்தார். 1931இல் வயல் சொந்தக்காரரான போடியாரும் முல்லைக்காரரும் போடியாரின் பெண்சாதியும் ஒரே வரிசையில் நின்றார்கள். முதல் நாள் அந்த வரிசையில் யார் யாருக்கு வழி விட்டார்கள் என்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

*காலியைச் சேர்ந்த மாக்கான் மாக்கார் 1931இல் மட்டக்களப்புத் தெற்கில் நின்று வென்றார் என்று என் வாப்பா சொல்வார். காலி எங்கே, சம்மாந்துறை எங்கே? நம் ஊரில் ஆள் இல்லையா? (ஒரு வாசகர், சம்மாந்துறை)*

ஆள் இருந்தார்கள் தம்பி. இல்லாமல் போனது வேறொன்று.

1924 சபையில் முஸ்லிம்களுக்கென்று 3 இனவாரி ஆசனங்கள் இருந்தன. இரத்தினக்கல் வியாபாரியான மாக்கான் மாக்கார் அதில் ஒன்றில் இருந்தவர். டொனமூர் ஆணைக்குழு இனவாரி ஆசனம் என்ற ஏற்பாட்டையே தூக்கி எறிந்தது. இனிமேல் எல்லாம் நிலப்பரப்புத்தான். சிதறி வாழ்கிற ஒரு சமூகத்துக்கு இதன் பொருள் என்ன? காலியிலோ கொழும்பிலோ நின்றால் ஒரு முஸ்லிம் வெல்வது கடினம். முஸ்லிம் வாக்கு ஓரிடத்தில் திரண்டிருப்பது எங்கே என்று வரைபடத்தைப் பார்த்தால் விரல் வந்து நிற்பது கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம். இரத்தினக்கல் வியாபாரிக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியாதா?

வென்றதோடு நிற்கவில்லை. 1931 அரசாங்க சபையில் கட்சி ஆட்சி கிடையாது. உறுப்பினர்கள் 7 நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து உட்காருவார்கள், ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவர் அமைச்சர். மாக்கான் மாக்கார் போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சரானார். நம் வாக்கில் போன முதல் அமைச்சர் காலிக்காரர் என்பதை உங்கள் வாப்பா சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபித்துக்கொண்டு சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை.

ஆனால் 1936ஐப் பாருங்கள். நாடு முழுவதிலும் ஒரு முஸ்லிம்கூடத் தேர்தலில் தெரிவாகவில்லை. ரி. பி. ஜாயாவும் ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகத்தான் உள்ளே போனார்கள். அமைச்சர் சபையும் முழுக்கச் சிங்களவராக அமைந்தது. 'இனவாரிப் பிரதிநிதித்துவம் நஞ்சு' என்று டொனமூர் ஆணைக்குழு நினைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன், அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதை எடுத்த கையோடு அதன் இடத்தில் வேறு பாதுகாப்பு எதையும் வைக்கவில்லை. சிறிய சமூகங்களின் பயம் 1936இல் கணக்காகவே கண் முன் வந்து நின்றது. சபையில் பாதி ஆசனம் சிறுபான்மையினருக்கு, அதாவது ஐம்பதுக்கு ஐம்பது என்று ஜி. ஜி. பொன்னம்பலம் கேட்கத் தொடங்கியதற்கும் இதுதான் மண்.

*யாழ்ப்பாணம் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்ததே, நாம் ஏன் செய்யவில்லை? (திருக்கோவில்)*

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் யாப்பு சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லிப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளுக்கும் யாரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934இல்தான் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. கிழக்கு அந்த வழியில் போகவில்லை. என் அபிப்பிராயம் இது: அதுவரை வாக்கே இல்லாத ஒரு சனத்திடம், முதன்முதலாக வாக்குக் கிடைத்த வருடத்திலேயே, “போடாதே” என்று சொல்வது லேசில்லை. அந்த வாலிபர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை, மூன்று வருடம் சபையில் நான்கு நாற்காலி காலியாகக் கிடந்ததைத்தான் யோசிக்கிறேன்.

*“அந்தக் காலத்தில் நாங்கள் நிறத்துக்குத்தான் வாக்குப் போட்டோம்” என்று மூத்தம்மா சொல்வா. புரியவில்லை. (அக்கரைப்பற்று வாசகி)*

உங்கள் மூத்தம்மா சொல்வது முழு உண்மை. 1931 முதல் 1947 வரை சின்னம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அந்தந்த நிறத்தில் பெட்டிகள் இருக்கும். கையில் தரும் கடதாசியில் புள்ளடி எதுவும் போட வேண்டாம். பிடித்த நிறப் பெட்டிக்குள் போட்டால் சரி. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் வாக்குக் கொடுத்த பிறகு, பெயரை வாசித்துப் புள்ளடி போடு என்று கேட்க முடியாதே. அதற்காகக் கண்டுபிடித்த வழி.

என் பாட்டி, எங்கள் பெத்தா, கடைசிக் காலம் வரை தான் வாக்களித்த ஆளின் பெயரைச் சொன்னதில்லை. “சிவப்புக்குப் போட்டன்” என்பா. சிவப்பு யார் என்று கேட்டால், “அதெல்லாம் உன்ட பெத்தப்பாவுக்குத்தான் தெரியும்” என்று வெற்றிலையை மடிப்பா. ஒருமுறை மட்டும், பெத்தப்பா பக்கத்தில் இல்லாதபோது, “அந்தாள் மஞ்சள் எண்டுதான் சொன்னவர்” என்றா.

அந்த முறையில் ஓட்டையும் இருந்தது. கடதாசியைப் பெட்டிக்குள் போடாமல் முந்தானையில் முடிந்து வெளியே கொண்டுவந்து கைமாற்றியவர்களைப் பற்றியும் பெத்தா சொல்லியிருக்கிறா. மறைப்புக்குப் பின்னால் பெட்டியை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? 1952 பொதுத் தேர்தலில் ஒரே பெட்டி, சின்னம், புள்ளடி என்று வந்துவிட்டது. தேர்தல் கடமைக்குப் போன என்னைப் போன்றவர்கள் பெட்டியை எல்லாருக்கும் தெரியும்படி நடுவில் வைத்து, அதையே இரவு பகலாகக் காவல் காத்ததற்குக் காரணம் இந்தப் பழைய கதைகள்தான்.

*கல்லடிப் பழைய பாலத்துக்கும் நீங்கள் சொல்லும் மனிங்குக்கும் ஏதும் தொடர்பு உண்டா? (கல்லடி)*

உண்டு. ஆளுநர் வில்லியம் மனிங்கின் மனைவி பெயரில்தான் அது லேடி மனிங் பாலம். 1924இல் கட்டி முடித்தார்கள், அவருடைய பெயரில் வந்த இரண்டாவது சீர்திருத்தத்தின்படி தேர்தல் நடந்த அதே ஆண்டு. சீர்திருத்தம் 7 வருடம் நின்றது. பாலம் 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வரும்வரை லொறியும் பஸ்ஸும் சுமந்தது.

*உண்மையைச் சொல்லுங்கள். இந்தியாவில் போராடி வாங்கினார்கள். நமக்கு வெள்ளைக்காரன் தானாகத் தந்தான். தானமாக வந்த வாக்குத்தானே, அதனால்தான் அதன் மதிப்பு நமக்குத் தெரியவில்லை? (கல்முனை)*

இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், மேடையில் சொன்னால் கைதட்டலும் விழும். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தானம் என்றால் கேட்காமல் வர வேண்டும். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உண்டாகி, பொன்னம்பலம் அருணாசலம் அதன் முதல் தலைவராக இருந்து கேட்டார்கள். ஏ. ஈ. குணசிங்க கொழும்புத் தொழிலாளரைத் திரட்டி, எல்லாருக்கும் வாக்குத் தா என்று ஆணைக்குழுவிடம் கேட்டார். பெண்கள் போய்க் கேட்டதை மேலே எழுதிவிட்டேன். கேட்காதவர்கள் யார் என்றால், ஏற்கெனவே வாக்கு வைத்திருந்த 4 வீதத்தில் பெரும்பாலானவர்கள். டொனமூர்த் திட்டம் 1929 டிசம்பரில் பழைய சபைக்கு வந்தபோது ஆதரவாக 19, எதிராக 17. இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசம்! எதிர்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது, தமிழருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற உண்மையான காரணமும் அதில் உண்டு. ஆனாலும் இன்னும் இரண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், உங்கள் பாட்டன் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார் என்று யோசியுங்கள்.

படிப்படியாகத் தந்ததால் நல்லது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1833க்கும் 1931க்கும் இடையில் 98 வருடம். ஒவ்வொரு படியிலும் “இவர்கள் இன்னும் பழுக்கவில்லை” என்றுதான் சொன்னார்கள். பழுத்ததா இல்லையா என்று பார்த்தவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்.

*வாழைச்சேனைப் பக்கத்தில் வி. நல்லையா என்ற பெயரைப் பெரியவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள். யார் அவர்? (கல்குடா)*

கல்வித்துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர். 1943 இடைத்தேர்தலில் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். 1944 மே மாதம் ஜே. ஆர். ஜெயவர்த்தனா, சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அதில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் நல்லையா. திருத்தம் நிறைவேறியது, ஜே. ஆரும் எதிர்க்கவில்லை. 1947இல் முதல் பாராளுமன்றத்துக்குக் கல்குடா தொகுதி நல்லையாவையே அனுப்பியது.

அந்தத் தீர்மானம் தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல் எங்கே போனது என்று கேட்டு எழுதாதீர்கள். எழுதினால் ஆசிரியர் எனக்கு இன்னும் நான்கு பக்கம் தர வேண்டும், அவர் தரமாட்டார்.